மதியம் ஹோம் ரன், சாயங்காலம் டிரேட்

2025 ஜூன் 15. பாஸ்டன் ஃபென்வே மைதானத்தில் நம்ம பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ், பரம எதிரி நியூயார்க் யாங்கீஸை தொடரின் மூன்றாவது மேட்சிலும் மண்ணைக் கவ்வ வைத்த நாள். அன்றைக்கும் நம்ம நட்சத்திர பேட்ஸ்மேன் ரஃபேல் டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். சாயங்காலமே ஆளை டிரேட் பண்ணி, அதாவது வேறு ஆட்டக்காரர்களுக்கு மாற்றாக, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் டீமுக்கு அனுப்பிவிட்டார்கள்!

அதைவிட வயிற்றெரிச்சல், நம்ம ரசிகர்கள் பேச்சு. "பத்து வருஷத்துக்கு 31 கோடி டாலர் சம்பளம், தொலைந்தது சுமை" என்கிறார்கள். யார் வீட்டுக் காசு? டிக்கெட் விலை குறையப்போகிறதா? முதல் பேஸ் என்கிற ஃபீல்டிங் இடத்தில் நிற்க மறுத்தார், சரி. அவர் வழக்கமாக நின்ற மூன்றாம் பேஸைப் பிடுங்கியது யார்?

2020இல் நம்ம இன்னொரு நட்சத்திரம் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமுக்கு விட்டபோதும் இதே சம்பளக் கணக்குதான். அந்த வருஷமே அவர் டாட்ஜர்ஸுக்கு வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

கொடியில் டெவர்ஸின் 11ஆம் நம்பர் சட்டை காய்கிறது. எடுத்து மடிக்கவே மனசு வரவில்லை.