அளக்காத அளவுக் கருவி

கையை நீட்டினால் திரவ சோப்பை அளவாகத் தரும் மின்னணுக் கருவி ஒன்றை நம்பிக்கையோடு வாங்கினேன்; அது அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே அளவைத் தந்து நான் இன்றுவரை பார்க்கவில்லை. இத்தகைய எளிய கருவிகளில் பல, திரவத்தை அளப்பதே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. கையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை உணரி கண்டதும், உள்ளிருக்கும் சிறு மோட்டார் குறித்த நேரத்துக்கு ஓடி நிற்கிறது. அதற்குள் எவ்வளவு வெளியே வரும் என்பதை சோப்பின் பாகுத்தன்மையும், மின்கலத்தின் வலுவும், குழாயில் சிக்கிய காற்றுக் குமிழிகளும்தான் தீர்மானிக்கின்றன. குளிரில் சோப்பு இறுகிய காலையில் ஒரு சொட்டு விழுகிறது, வெயில் ஏறிய பிறகு உள்ளங்கை வழிய ஊற்றுகிறது. சிக்கனம் கருதி, 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்குக்குப் பதிலாக மீண்டும் மின்னேற்றக்கூடிய 1.2 வோல்ட் கலங்களைப் போட்டேன். மொத்தம் 6 வோல்ட்டாக இருக்க வேண்டியது 4.8 ஆனதும் மோட்டார் திணறியது. முனையில் காய்ந்து ஒட்டிய சோப்பைத் துடைக்கத் துணியோடு போனாலோ, அதையும் கையென்று எண்ணி மறுபடி கொட்டுகிறது.

இத்தனைக்கும், கையால் அழுத்தும் சாதாரணப் புட்டியில் உந்துதண்டு நகரும் தூரமே அளவை நிர்ணயித்துவிடுகிறது. முழுவதும் அழுத்தினால் ஏறத்தாழ ஒரே அளவுதான் வரும், மின்கலமும் தேவையில்லை. விற்பவர்கள் பெட்டியின்மேல் ‘துல்லியம்’ என்று அச்சிடுவதற்கு முன், எந்தப் பாகுத்தன்மையுள்ள திரவத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வரும் என்பதையாவது அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.