ரோஜா முத்தையா புஸ்தகமெல்லாம் மெட்ராசுலதானுங்க இருக்குது

மேல ஒரு அண்ணா, ரோஜா முத்தையா செட்டியார் சேத்து வெச்ச பழைய புஸ்தகத்தையெல்லாம் அமெரிக்காவுக்கு ஏத்திட்டாங்க, இனி பாக்கோணும்னா சிகாகோ போகோணும்னு போட்டிருக்காரு. வாங்குனது நெசம்தானுங்க, அவரு 1992ல இறந்தப்புறம் 1994ல சிகாகோ பல்கலைக்கழகம் வாங்குச்சு, ஆனா அவரு ஊரான கோட்டையூர்ல இருந்து புஸ்தகம் வந்தது மெட்ராசுக்குத்தான், இப்ப தரமணில ஆராய்ச்சி நூலகமா நடக்குது. சந்தேகம்னா அவங்க வெப்சைட் கேட்டலாக்ல "கொங்கு"ன்னு அடிச்சுப் பாருங்ணா. நேர்லயும் போலாம், கோயமுத்தூர்ல ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுனா காலைல மெட்ராசு. நான் போனப்ப ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிர்ற ஒரு சின்ன புஸ்தகத்தை அங்கிருந்த அம்மா ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்து மேசைல வெச்சாங்க, பக்கத்தைத் திருப்பவே பயமாப் போச்சுங்க.