பற்றரிக்குக் கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

"கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு கார் பற்றரிக்கு ஊற்றலாம்; ஸ்ரார்ட் இழுக்காவிட்டால் கொஞ்சம் அசிட்டும் விடுங்கோ" என்றொரு செய்தி வன்னி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் பிழை.

எங்கள் கிணறுகள் பலவற்றில் உப்பும் கல்சியமும் அதிகம். கொதிக்கையில் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது ஒரு பங்குதான். உப்பிலுள்ள குளோரைட்டு தண்ணீரிலேயே நிற்கும், வற்ற வற்ற செறிவும் கூடும். அது பற்றரித் தட்டுகளை அரிக்கும். வாகனம் சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்கும்.

வெக்கைக்கு வற்றுவது தண்ணீர், அசிட் அல்ல. மேலதிக அசிட் தட்டுகளைக் கெதியாய்ப் பழுதாக்கும்.

காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்ட் வோட்டர்) மட்டும், முழுச் சார்ஜின் பின், பற்றரியிலுள்ள மேல்கோடு வரை விடுங்கோ. தட்டு வெளியே தெரிந்தால், சார்ஜ் பண்ண முதல் அது மூடுமளவு மட்டும் விட்டால் போதும். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் 12.4 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் பண்ணவேணும். வாகனக் கைநூலில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்பாதேங்கோ.