பாத மதமதப்புக்கு முதுகெலும்புச் சிகிச்சை தீர்வல்ல

முதுகெலும்பைச் சொடுக்கி நேராக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் பத்து முறை போனால் சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலும் மதமதப்பும் அடியோடு நீங்கிவிடும், மாத்திரையே தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த நோயில் சிக்கல் முதுகில் நசுங்கிய நரம்பு அல்ல. ரத்தத்தில் நீண்ட காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால்தான் மதமதப்பு இரு கால் விரல்களிலும் ஒருசேரத் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மேலே ஏறுகிறது. முதுகில் கொடுக்கும் அழுத்தம் இந்தச் சிதைவைச் சீராக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அச்சிகிச்சையால் சிலருக்குக் கீழ்முதுகு வலி ஓரளவு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அது வேறு நோய்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரலாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, உணர்வு தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த உணர்வை இழந்தவர்கள் செருப்புக்குள் கிடக்கும் கல்லைக்கூட அறியாமல் நடந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஆகவே தினமும் பாதத்தைப் பாருங்கள். தொடையிடுக்கில் திடீரென மரத்துப்போய்ச் சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டால், எந்தக் கைச்சிகிச்சைக்கும் போகாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.