புதுச்சேரிக்காரர் பாதி வேலைதான் செய்கிறாரா?

"சென்னை ஐடி, ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒருவர் ஈட்டுவதில் பாதிதான் புதுச்சேரியில், எல்லாரும் சோம்பேறிகள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்தக் கணக்கே தப்பு. ஆள் எண்ணிக்கையால் விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனை வருமானத்தை, வகுத்திருக்கிறார்கள். ஒருவர் உழைப்பில் எவ்வளவு மதிப்பு உருவாகிறது என்ற உற்பத்தித்திறனைப் பார்க்க வேண்டுமானால், வெளியில் வாங்கிய பொருள், சேவைகளின் செலவைக் கழித்து மிஞ்சும் மதிப்பைத்தான் வகுக்க வேண்டும். அப்புறம், சும்மா ஒரு உதாரணத்துக்கு, புதுச்சேரி மிஷன் வீதி ஆடிட்டர் 3,000 ரூபாய்க்கு முடிக்கும் அதே வரி ரிட்டர்னுக்குச் சென்னை தி.நகரில் 8,000 வாங்கினால், கூடியது கட்டணம், வேகம் இல்லை. இங்கே கிளையில் எழுதிய மென்பொருளுக்குச் சென்னைத் தலைமையகம் பில் போட்டால் வருமானம் அங்கே, தலை எண்ணிக்கை இங்கே. மென்பொருளையும் ஆடிட்டையும் ஒரே தராசில் வைத்தது தனிக் கூத்து. சரி, பெருநகருக்கு ஆதாயம் உண்டுதான்: ஊரின் அளவு இரு மடங்கானால் உற்பத்தித்திறன் சுமார் 3 முதல் 8 சதவீதம் கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் வாடிக்கையாளரும் தேர்ந்த ஆட்களும் பக்கத்திலேயே கிடைப்பதால்.