முன்னால் யாரும் இல்லை

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் திடீரென்று வழி விட்டுவிடும்போது எல்லோருடைய கண்ணும் ஒன்றைத்தான் தேடுகிறது: கவிழ்ந்த லாரி, மோதிக்கொண்ட கார்கள், தோண்டிப் போட்ட பள்ளம். எதுவும் தென்படாவிட்டால் லேசான ஏமாற்றம்கூட வருகிறது. இவ்வளவு நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்?

யாரையும் இல்லை என்பதுதான் கணிதம் சொல்லும் பதில். நமக்குத்தான் அது பிடிப்பதில்லை.

1955இல் லைட்ஹில், விட்ஹம் என்ற இரு கணிதவியலாளர்களும், அடுத்த ஆண்டு தனியாக ரிச்சர்ட்ஸும், சாலையில் செல்லும் வண்டிகளை ஆற்று நீரைப் போலக் கருதிச் சமன்பாடு எழுதினார்கள். அடிப்படைக் கணக்கு எளியது. ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வண்டிகளை அவற்றின் வேகத்தால் பெருக்கினால், மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்பது வந்துவிடும். ஒரு கற்பனைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 60 வண்டிகள் 40 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு 2,400 வண்டிகள் கடக்கும். அதுவே 90 வண்டிகளாகி, வேகம் 20 கி.மீ.க்கு இறங்கினால் 1,800தான். சாலையில் வண்டி கூடியிருக்கிறது, கடந்து போவது குறைந்திருக்கிறது. "கொஞ்சம் இடம் இருக்கிறதே, நானும் நுழைந்துவிடுகிறேன்" என்பவருக்கு இதைப் புரியவைப்பது கடினம்.

ஆனால் இந்த ஆற்றுக் கணக்கில் ஒரு குறை உண்டு. இருக்கிற நெரிசல் எப்படிப் பின்னோக்கி நகரும் என்று சொல்லும். சீராக ஓடும் சாலையில் அது எங்கிருந்து முளைக்கிறது என்று சொல்லாது. அதைக் காட்டியது 1992இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இருவர் உருவாக்கிய கணினி மாதிரி. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு வண்டியும் வேகத்தை ஒரு படி, அதாவது நொடிக்கு ஒரு கட்டம், கூட்டும்; உச்சம் நொடிக்கு ஐந்து கட்டம். முன்னால் இருக்கும் காலியிடத்துக்கு மேல் போகாது. அவ்வப்போது காரணமே இல்லாமல் ஒரு படி குறைக்கும். பிறகு நகரும். அவ்வளவுதான். அந்தக் காரணமில்லாத குறைப்பில்தான் கொட்டாவி விடுகிற, கண்ணாடியைத் திருப்புகிற மனிதன் இருக்கிறான். அந்த விதியை நீக்கிவிட்டால் சீரான ஓட்டத்தில் நெரிசல் தானாகப் பிறப்பதில்லை.

இது கணினி விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு, 2008இல் வெளியான ஜப்பானியச் சோதனை இருக்கிறது. 230 மீட்டர் வட்டத் தடம், 22 கார்கள். சிக்னல் கிடையாது, குறுகல் கிடையாது, முந்தவும் வழியில்லை. ஏறக்குறைய 30 கி.மீ. வேகத்தில் முன்வண்டியைத் தொடர்ந்து போகச் சொன்னார்கள். சிறிது நேரம் அழகாகச் சுற்றினார்கள். பிறகு ஒருவர் சற்றே பிரேக்கைத் தொட, பின்னால் இருந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, சில கார்கள் தள்ளி ஒருவர் முழுவதுமாக நின்றுவிட்டார். அந்த நிற்கும் கூட்டம் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. முன்னால் ஒருவர் விடுபடுகிறார், பின்னால் ஒருவர் வந்து சிக்குகிறார்.

ஆகவே "ஒழுங்காக ஓட்டினாலே நெரிசல் வராது" என்ற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த 22 பேரும் ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள். (வரிசை பிடிக்காமல் எல்லா வகை வண்டியும் கலந்தோடும் சாலைக்கு இந்தச் சூத்திரங்களை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நிலைமை எளிதாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

செய்யக்கூடியது, வண்டிகளின் அடர்த்தி, கடந்து போவது குறையத் தொடங்கும் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் சிக்னல் வைத்து வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவது அதற்கான ஒரு வழி. அமெரிக்காவின் மினசோட்டாவில் மக்கள் இதை வெறுத்தார்கள். சாலை காலியாகத் தெரியும்போது எங்களை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். சட்டமன்றமே தலையிட, 2000ஆம் ஆண்டு நானூற்றுக்கும் மேற்பட்ட சிக்னல்களைச் சில வாரங்கள் அணைத்துப் பார்த்தார்கள். நெடுஞ்சாலையில் பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின, கடந்து போன வண்டிகளோ 9 சதவீதம் குறைந்தன.

சிக்னல்கள் திரும்ப வந்தன, ஆனால் ஏறுபாதையில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்ற வரம்போடு. கணக்கை மட்டும் பார்த்தால் அந்த வரம்பு ஒரு சமரசம். ஆனால் அது இல்லாமல் அந்தச் சிக்னல்கள் மறுபடியும் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காத்திருப்பவரின் எரிச்சலுக்கு எந்தச் சமன்பாட்டிலும் குறியீடு கிடையாது, அதை யாராவது கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.