திருவிழா மேடையில் ஒரு ராக் பேண்டு

எங்கள் பக்கத்து மாரியம்மன் கோவில் கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம். மெல்லிசைக்கு ஒரு ராத்திரி, பட்டிமன்றத்துக்கு ஒரு ராத்திரி, நாடகத்துக்கு ஒரு ராத்திரி என்று கொடுக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு ராத்திரி, சரி வேண்டாம், ஒன்றரை மணி நேரம், சென்னையிலிருந்து ஒரு ராக் பேண்டைக் கூப்பிட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

கொஞ்ச வருடமாக எனக்கு இதே வேலையாகிவிட்டது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் காதில் சென்னை பேண்டுகள்தான். எதுவும் சினிமாப் பாட்டு இல்லை. முதலில் யூடியூப் எடுத்துக் கொடுத்ததையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது இரண்டு பாட்டு போட்டுவிட்டு மூன்றாவதற்கு மறுபடி சினிமாவுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அப்புறம்தான் வழி பிடிபட்டது. பாட்டைத் தேடிப் பிரயோஜனமில்லை, ஆளைத் தேட வேண்டும். யார் கிட்டார் வாசித்தது, யார் ரெக்கார்டு செய்தது, அந்த ஆள் அதற்கு முன்னால் எந்தக் குழுவில் இருந்தார் என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் ஒரு ஊரின் இசை மொத்தமும் கைக்கு வந்துவிடும். அந்த வட்டம் அவ்வளவு சின்னது.

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியை எதிர்த்துப் பாடுகிற குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் உருவாக்கியது, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. ராப் பாடகர் அறிவை இன்றைக்குத் தெரியாதவர் இல்லை, அவர் அந்த மேடையில் இருந்தவர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தனை பேரையும் கட்டி மேய்த்த டென்மா யார் என்று தேடினால் குரங்கன் என்று இன்னொரு குழு வரும். குரங்கனில் அவரோடு இருந்தவர் கபேர் வாசுகி. கபேர் வாசுகியைத் தேடினால், எந்த மெருகும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடமே பேசுகிற மாதிரி தமிழ்ப் பாட்டுகள். முதலில் கேட்டபோது இதெல்லாம் பாட்டா என்றுதான் இருந்தது. பஸ் குத்தாலம் தாண்டுவதற்குள் திரும்பக் கேட்டுவிட்டேன்.

இன்னொரு நூல் ஷான் ரோல்டன். 2014-இல் சினிமாவுக்கு இசையமைக்க வந்தார், அதற்கு முன்பே நண்பர்களோடு பேண்டு வைத்து மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். எழுத்தாளர் சாண்டில்யனின் பேரன். டென்மாவும் இப்போது படங்களுக்கு இசையமைக்கிறார். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. நம் ஊரில் ஒரு ஆள் பாட்டு எழுதி, தன் காசில் ரெக்கார்டு செய்து, பத்து வருடம் வாசித்தாலும் "சினிமாவுல எப்ப?" என்றுதான் கேட்போம். படத்தில் ஒரு பாட்டு வந்துவிட்டால் "ஓஹோ, பெரிய ஆளுப்பா". அந்தப் பத்து வருடத்தில் அவர் செய்ததுதான் பெரும்பாலும் நல்ல சரக்கு என்பது என் கட்சி.

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். இது நம்ம ஜனங்களுக்குப் பிடிக்காது, ஒரே சத்தமாக இருக்கும், பாட்டே இல்லாமல் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், இங்கிலீஷில் பாடுவார்கள் என்று நான்கு குற்றச்சாட்டு வரும். ஜனங்களுக்குப் பிடிக்குமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மற்றதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றித் தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடமா பேசுவது? சாமி புறப்பாட்டில் இரண்டு ஜோடி தவிலுக்கு நடுவில் நின்றவர்கள் நாம். பாட்டே இல்லாமல் வாசிப்பது என்றால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்ததை நம் தாத்தாக்கள் தெருவில் நின்று கேட்டார்கள். ஒரு வார்த்தை கிடையாது. தவில் தனியாவர்த்தனத்துக்குத் தலையாட்டத் தெரிந்த ஊருக்கு ட்ரம்ஸ் சோலோ என்ன புரியாமலா போகும்? சென்னையில் ஜடாயு என்று ஒரு குழு இருக்கிறது. கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், கர்நாடக ராகங்களை எடுத்துக்கொண்டு ஜாஸும் ராக்குமாகப் போகிற வாத்திய இசை. என்னைக் கேட்டால் முதலில் கூப்பிட வேண்டியது இவர்களைத்தான். பெயருக்காகவே வைத்தீஸ்வரன் கோவில் பக்கம் ஒரு மேடை போடலாம், ஜடாயு குண்டம் அங்கேதானே இருக்கிறது.

இங்கிலீஷ் விஷயம். தி எஃப்16ஸ் 2012-இல் சென்னையில் தொடங்கிய பேண்டு, பாட்டெல்லாம் இங்கிலீஷ். கீபோர்டும் கிட்டாரும் துள்ளலாக ஓடும், கூடவே பாடுகிறவர் சலிப்பும் கிண்டலுமாக ஏதோ சொல்லிக்கொண்டு போவார். எல்லா வரியும் எனக்குப் புரிகிறது என்று சொல்ல மாட்டேன். தை மாதம் திருவையாற்றில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினம் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்கிறது. தமிழில் பாடினால்தான் தமிழ்நாட்டுப் பேண்டு என்று சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை. (தமிழில் பாடினால் எனக்குக் கூடுதல் சந்தோஷம், அது வேறு.)

பேண்டு என்பதே நமக்கு அந்நியம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்டு இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது முத்துசுவாமி தீட்சிதர் கதை. திருவாரூரில் பிறந்தவர், இளம் வயதில் மதராசுக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு இசை காதில் விழுகிறது. முகம் சுளிக்கவில்லை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டு. தம்பி பாலுசுவாமி பிடிலையே கற்றுக்கொண்டார். டெல்டாக்காரன் மெட்ராஸ் பேண்டைக் கண்டுபிடித்த கதை, இருநூறு வருடத்துக்கு முன்னால்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவை நம் ஊர்க் கமிட்டிகள் கூப்பிடுமா என்றால், அங்கே நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவில் கோவிலுக்கு உள்ளே, பறை தெருமுனையில் என்று இன்னமும் வைத்திருக்கிற ஊர்கள் எத்தனை என்று நமக்கே தெரியும். பறையையும் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்திய குழு அது. பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு உண்மையில் பிடிக்காதது ராக் இசை இல்லை.

எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் இந்த யோசனையைச் சொன்னேன். முப்பது வருடமாகத் திருவிழா மேடைகளுக்கு மைக் கட்டுகிறவர். ஷெட்டில் உட்கார்ந்து அறுந்துபோன மைக் வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். இயர்போனை நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் போனை வாங்கி மிக்சரில் சொருகி, ஒரே ஒரு பாக்ஸில் போட்டுக் கேட்டார். நான் போட்டது ஸ்க்ராட். 2006-இல் சென்னையில் ஆரம்பித்த குழு, பின்னாளில் பேஸ் கிட்டார்காரர் இல்லாமல் மூன்று பேராகவே மேடை ஏறியவர்கள். அது அண்ணனுக்குத் தெரியாது. அரை நிமிடம் கேட்டிருப்பார்.

"பேஸ் எங்க தம்பி?"

"ஆளே கிடையாதுண்ணே. மொத்தமே மூணு பேர்தான்."

"அதான் ட்ரம்ஸ்காரன் இந்த அடி அடிக்கிறான்." மறுபடி கொஞ்சம் கேட்டுவிட்டு, "பாடுறவனுக்கு எக்கோவே வைக்கலையே?"

"அவங்களுக்கு வேண்டாமாம்ணே."

"எக்கோ இல்லாம நம்ம ஊர்ல ஒருத்தன் மைக்கைத் தொடமாட்டான்." அதற்கப்புறம் பாட்டு முடிகிறவரை பேசவில்லை. அடுத்ததையும் போடச் சொன்னார்.

எழுதுகிற ரசிகர்களைவிட இந்தக் காதை நான் நம்புகிறேன். பேச்சு முடிந்ததும் அவர் நடைமுறைக்கு வந்துவிட்டார். இப்போது ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் முழு ட்ரம்ஸ் கொண்டுவருவது குறைந்துவிட்டது, ரிதம் பேடிலேயே முடித்துவிடுகிறார்கள். முழு செட் வந்தால் அதற்கு மட்டுமே ஐந்தாறு மைக் வேண்டும், அவரிடம் அவ்வளவு ஸ்டாண்டு இல்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மானிட்டர் பாக்ஸ் வேண்டும், ஜெனரேட்டர் பெரியதாக வேண்டும், பத்து மணிக்குப் போலீஸ் வந்துவிடும். எல்லாம் செய்யலாம் என்றுதான் முடித்தார்.

சென்னைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளேன் என்பீர்கள். பெரும்பாலும் பாரிலோ ரெஸ்டாரண்டிலோதான் கச்சேரி. நுழைவுக்குக் காசு, உள்ளே தண்ணீர் பாட்டில் விலையைக் கேட்டால் தாகம் போய்விடும், முடிகிற நேரத்துக்கு ராத்திரி ரயிலும் போயிருக்கும். கும்பகோணத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இது எப்படிக் கிடைக்கும்? ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார் வாசிக்கிற பையன்கள் இங்கே இருக்கிறார்கள். சர்ச் கொயரில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பாட்டு வாசிக்கிற நாலு பேரை ஒரு தடவை எதிரில் நின்று பார்த்தால் போதும் இவர்களுக்கு.

கமிட்டிச் செயலாளர் எனக்கு மாமா முறை. போன வாரம் பேசினேன். ஒரேயடியாக மறுக்கவில்லை. மெல்லிசைக்கு முன்னால் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் முடிக்க வேண்டும், போகவரச் செலவும் சாப்பாடும் கொடுத்துவிடலாம், சம்பளம் வசூலைப் பார்த்துத்தான். இன்னொன்று, முதல் பாட்டு அம்மன் பாட்டாக இருக்க வேண்டும் என்கிறார், அதில் மட்டும் இறங்கி வரவே மாட்டேன் என்கிறார். பேண்டு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அம்மன் பாட்டைக் கிட்டார் கரகரக்கிற டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தாலும் பரவாயில்லையாம், கேட்டுவிட்டேன்.